வலது கை எங்கே இருந்தது?

விபத்துக் கோப்பு இனி உங்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். சந்தோஷம். ஆபீசில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தராத ஒன்றை நான் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டம் மிகவும் வசதியானது. 'விபத்துக்கான காரணம்' என்று கேட்டிருக்கும். அங்கே 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினால் ஒரு பிரச்சினையும் வராது. மேலிடம் திருப்பிக் கேட்காது. போலீஸ் கேட்காது. செத்தவர் கேட்கவே மாட்டார். பன்னிரண்டு வருடம் அந்தக் கோப்பைப் பார்த்தவன் நான். அதில் முதல் எட்டு வருடம் என் பேனா அந்த வார்த்தையை என்னைக் கேட்காமலேயே எழுதிக்கொண்டிருந்தது.

நான் ஈப்போவில் பிறந்தவன். மூன்றே வருடம் மேலே போய்விட்டு வா என்று என்னை இந்த மலைக்கு அனுப்பினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. குளிரில் புத்தகம் படிக்க நன்றாக இருந்தது. இப்படியாக ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெறும்போது என்னிடம் நாற்பது கம்பளிச் சட்டைகளும், சாலை வளைவுகளைப் பற்றி யாரும் கேட்க விரும்பாத ஏராளமான அபிப்பிராயங்களும் இருந்தன.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் இறந்துபோகிறார். போலீஸ் தன் வேலையை முடித்ததும் நாம் அளவு நாடா, கேமரா, குடை சகிதம் போகிறோம். சாலையில் எது அவரைக் கொன்றது, அடுத்தவரைக் கொல்லாமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதுகிறோம். காய்கறி லோரிகளின் டயரில் ஒட்டி வந்து சாலையில் உதிரும் சேறு. குளிருக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் ஓட்டுவது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வருவது. ஹெல்மெட்டைப் போலீசுக்குக் காட்ட மட்டும் தலையில் வைத்துக்கொண்டு பட்டியைத் தொங்கவிடுவது. இதெல்லாம் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் உயிரை வாங்கும். ஆனால் நான் சொல்லப்போவது எந்தப் படத்திலும் இல்லை.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் பெரிய சாலையில் வந்து சேரும் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலை உண்டு. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மேல் டிவிஷன் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து அது நேராக இறங்கி வந்து, பாதி வழியில் சட்டென்று இடது பக்கம் மடங்கும். மடங்குகிற இடத்தில், சாலையின் வலது ஓரத்தில், முனியாண்டி சாமி இருக்கிறார். அதனால் அது முனியாண்டி முக்கு.

அந்த முக்கில்தான் மாரிமுத்து இறந்தார். தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை. காலை ஏழு மணிக்கு லயத்திலிருந்து இறங்கி வந்தவர், வளைவில் நேராகப் போய்விட்டார். எதிரே கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த முட்டைக்கோஸ் லோரியின் பக்கத்தில் மோதி விழுந்தார். லோரி ஓட்டுநர் ஒரு சீனர், பாவம், அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுத்தார். நான் அளந்தேன், படம் எடுத்தேன், மழை வந்தது, கடைசிக் கட்டத்தில் வழக்கமானதை எழுதினேன், பசியாறப் போய்விட்டேன்.

ஒரு வருடம் கழித்து, கணவருக்குத் திதி கொடுத்த மறுநாள், பார்வதி ஆபீசுக்கு வந்தார். மாரிமுத்துவின் மனைவி. ஐம்பது வயது இருக்கும். தோட்டத்து லயத்திலேயே இருந்துகொண்டு, செவ்வந்திப் பூ வாங்கி விற்கும் வியாபாரம். தினமும் காலையில் மோட்டாரின் பின்னால் இரண்டு பூக்கூடைகளைக் கட்டிக்கொண்டு அதே சாலையில் இறங்குகிறவர்.

"சார், இந்தத் தாள்ல கவனக்குறைவுன்னு போட்டுருக்கீங்களாம். மக படிச்சிச் சொன்னா."

"ஆமாம்மா."

"எதுல கொறஞ்சிச்சி?"

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். "அவரு குடிக்க மாட்டாரு. முப்பதுக்கு மேல ஓட்ட மாட்டாரு. ஹெல்மெட்டு பட்டியப் போட்டுட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாரு. லயத்துல எல்லாரும் சிரிப்பாங்க. இப்ப என்னா பேசுறாங்க தெரியுமா? காலையிலயே தண்ணி போட்டுட்டுப் போனாராம். ஆபீஸ்லயே எழுதிட்டாங்கள்ல கவனக்குறைவுன்னு, அப்ப வேற என்னாவா இருக்கும்ங்கிறாங்க. அதான் கேக்குறேன். எந்த எடத்துல கவனம் கொறஞ்சிச்சி?"

"அது… பொதுவா அப்படித்தாம்மா எழுதுவோம்."

"பொதுவா ஒருத்தரு சாவாங்களா சார்?"

சாகமாட்டார்கள்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல என்னிடம் கட்டம் இல்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்த வருடமும் வந்தார், அதே கேள்வி. மூன்றாவது வருடமும் வந்தார். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. மின்சாரக் கட்டணம் தப்பாக வந்தால் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் புத்தகம் ஓடாது.

இதற்கிடையில் முக்கில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். உயிர் தப்பியது, எலும்பு தப்பவில்லை. நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தோட்டத்து மக்கள் பயந்துபோய் முனியாண்டிக்கு ஒரு வசதி செய்து கொடுத்தார்கள். வெறும் கல்லாக இருந்தவருக்குத் தகரக் கூரை வந்தது. பிறகு பளிங்குத் தரை. பிறகு சிவப்பு விளக்கு. மூடுபனியிலும் தூரத்திலிருந்தே தெரிவார். சாலைக்கு நான் ஒரு வெள்ளைக் கோடு வாங்குவதற்குள் சாமிக்கு மின் இணைப்பே வந்துவிட்டது.

நான் யோசித்தேன். அதாவது, யோசிக்காமல் முடிவு செய்தேன். வேகம்தான் காரணம். கீழே பெரிய சாலையில் இரவெல்லாம் மோட்டார் பந்தயம் விடும் பையன்களை எனக்குப் பிடிக்காது. குற்றவாளிக்கு அவர்கள் முகத்தை மாட்டிவிடுவது சுலபமாக இருந்தது. விழுந்தவர்களில் ஒருவர்கூடப் பந்தயப் பையன் இல்லை, எல்லோருமே நெற்றியில் திருநீறு பூசிய, நாற்பது தாண்டிய, ஆடு முந்துகிற வேகத்தில் ஓட்டுகிற குடும்பஸ்தர்கள் என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு ஒதுக்கி வைத்தேன். முடிவுக்குப் பொருந்தாத விவரத்தை ஒதுக்கி வைப்பது படித்தவனுக்குத்தான் அழகாக வரும்.

வேகத்தைக் குறைக்க வளைவுக்குச் சற்று முன்னால் மஞ்சள் மேட்டுக் கோடுகள் போட்டேன். வண்டி ஏறினால் கடகடவென்று உதறும், ஓட்டுகிறவர் விழித்துக்கொள்வார். நல்ல சாதனம். நான் வடிவமைத்து, நானே நின்று போடவைத்தது. தோட்டத்து மேனேஜர், அவரை இன்னமும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், வந்து திறந்து வைத்தார். ஆளுக்கு ஒரு தட்டு மீகூன் கொடுத்தார்கள். சாலையில் வரைந்த கோட்டை எப்படித் திறப்பது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் கோவிந்தன் என் கோட்டில் விழுந்தார்.

கோவிந்தன் தோட்டத்து லோரி ஓட்டுநர். முனியாண்டி கோயிலுக்குப் பொறுப்பும் அவர்தான். தோள்பட்டை எலும்பு உடைந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன்.

"வாங்க சார். ஒங்க கோட்டுலதான் விழுந்தேன்."

"வேகமா வந்தீங்களா?"

"நானா? என் மோட்டர நடந்து போறவங்க முந்திட்டுப் போவாங்க லா. கோட்டுல ஏறுனிச்சி, ஹேண்டலு ஒதறிக்கிட்டு அது பாட்டுக்குப் போய்ட்டுச்சி."

"கையை விட்டீங்களா?"

"ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிருந்தேன் சார். முனியாண்டி மேல சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் பிழைத்தவர் மனப்பூர்வமாக, சாமி மேல் சத்தியமாக, நடக்காததைச் சொல்லலாம். தன் கை எங்கே இருந்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இனி நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். காலை ஆறே முக்காலுக்கு முக்குக்குப் போய், வசதியான இடமாகப் பார்த்து நின்றேன். சாமிக்கு முன்னால் பளிங்குத் தரை சுத்தமாக இருந்தது, அங்கேயே நின்றுகொண்டேன். லயத்திலிருந்து மோட்டார்கள் வரிசையாக இறங்கின. என்ன ஆச்சரியம்! ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். பெரியவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். சிலர் நெற்றியைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்கள். இருபது வருடமாக இந்த மக்களுக்குச் சாலை போட்டுக் கொடுத்ததற்கு இப்படி ஒரு மரியாதையா என்று நிமிர்ந்து நின்றேன். நானும் விடாமல் பதில் வணக்கம் வைத்தேன். மறுநாளும் போய் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் குறிப்பேட்டில் நான் எழுதியிருப்பது இதுதான்: 'வேகம் மிதம். பொதுமக்கள் ஒத்துழைப்பு மிகச் சிறப்பு.'

சிரியுங்கள். அந்தக் குறிப்பேடு ஆபீசில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தும் சிரிக்கலாம்.

மூன்றாம் நாள் என் மனைவி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் மோட்டாரில் போனேன். இங்கே எல்லோரும் ஓட்டும் கப்சாய் வகைதான்: கிளட்ச் கிடையாது, கியர் இடது காலில், பின்பிரேக் வலது காலில், ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் வலது கையில். மேலே லயம் வரை போய்த் திரும்பி, அவர்கள் வருகிற வழியிலேயே இறங்கி வந்தேன். பனி கொஞ்சம். தூரத்தில் சிவப்பு விளக்கு. என் மஞ்சள் கோடு வருகிறது, தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தேயிலைச் செடிகளுக்குள் மல்லாந்து கிடந்தேன். வானம் தெரிந்தது. என் வலது கை மட்டும் இன்னும் நெஞ்சின் மேலேயே இருந்தது.

நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போனால் கோபுரத்தின் கட்டுமானத்தைப் பார்க்கிற ஆள். ஆனால் என் கை என்னைப் போல அவ்வளவு படித்ததில்லை. சாமியைக் கண்டதும் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

படுத்தபடியே எல்லாம் தெளிவாகிவிட்டது. இந்த மோட்டாரில் சும்மா இருப்பது இடது கைதான். கையை எடுத்தே தீர வேண்டும் என்றால் இடது கையை எடுக்கலாம். ஆனால் இடது கையால் சாமிக்கு வணக்கம் வைக்க நம்மவர்களுக்கு மனம் வராது. அதனால் வலது கை எழுகிறது. இறக்கத்தில், சரியாக வளைவு தொடங்குகிற இடத்தில், முன்பிரேக் போய்விடுகிறது. சாலை இடது பக்கம் திரும்புகிறது, கண் வலது பக்கம் சாமியைப் பார்க்கிறது. பாரத்தை ஒற்றை இடது கை தாங்குகிறது. அந்த நொடியில் சேறு இருந்தாலோ, எதிரே லோரி வந்தாலோ முடிந்தது. சேறும் லோரியும் இல்லாத நாட்களுக்காகத்தான் நான் கோடு போட்டு வைத்திருந்தேன். பந்தயப் பையன்கள் சாமியைக் கவனிப்பதில்லை, பத்திரமாகப் போனார்கள். மரியாதை தெரிந்தவர்கள்தான் விழுந்தார்கள்.

பூக்கூடைகளோடு ஒரு மோட்டார் வந்து நின்றது. பார்வதி.

"ஐயையோ, சார்! அடி கிடி பட்டுச்சா? எப்புடி விழுந்தீங்க?"

அவரிடம்தான், இத்தனை பேரில் அவரிடம்தான், அப்போது சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் என் நெஞ்சின் மேல் இருந்தது. ஆனால், 'உங்கள் வீட்டுக்காரர் சாமி கும்பிட்டதால் செத்தார்' என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவர் தினமும் அந்தச் சாமிக்குத்தான் முதல் பூ வைக்கிறார்.

"வழுக்கிடுச்சும்மா. சேறு," என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. பிறகு என் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆபீசுக்கு நொண்டிக்கொண்டு போய் மாரிமுத்துவின் கோப்பைத் திறந்தேன். முட்டைக்கோஸ் லோரி ஓட்டுநரின் வாக்குமூலம் இருந்தது. அதில் ஒரு வரி, நான் அன்றே படித்துக் கையெழுத்தும் போட்ட வரி: 'அந்த ஆள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். நானும் கையைக் காட்டினேன். அப்புறம் மோதிவிட்டார்.' அந்தச் சீனரும் என்னைப் போலவே, தனக்கு வந்த வணக்கம் என்று நினைத்திருக்கிறார். அவருக்காவது தெரிய நியாயமில்லை.

என் மேலதிகாரியிடம் போனேன். மலாய்க்காரர், நிதானமான மனிதர், என்னைவிட இரண்டு வயது இளையவர். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கோயிலா? அங்கே கோயில் எதுவும் இல்லையே."

"இருக்கிறதே. விளக்கு, பளிங்கு எல்லாம்."

"வரைபடத்தில் இல்லை. சாலைக்கென்று ஒதுக்கிய அரசாங்க நிலத்தில் இருக்கிறதா?"

"ஆமாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் கேள். நீ கோயில் என்று எழுதினால் அது இருக்கிறது. இருந்தால் அது ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு என்றால் நான் இடிக்கச் சொல்லிக் கடிதம் போட வேண்டும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. உனக்கு இருக்கிறதா?"

எனக்கும் இல்லை. எழுதினால் சாமிக்கு ஆபத்து. எழுதாவிட்டால் மாரிமுத்து என்றைக்கும் கவனக்குறைவானவர், குடித்துவிட்டுப் போனவர். இதோடு நாளைக் காலை அதே வளைவில் பார்வதியும் தன் கையைத் தூக்குவார். பெரிய பாலம் இடிந்தால் என்ன செய்வது என்று கையேட்டில் இருக்கிறது. இதற்கு இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். வரும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நான் இரண்டு நாள் தனியாக யோசித்துக்கொண்டிருந்தேன். யாருடைய பிரச்சினையோ அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பார்வதியின் வீட்டுக்குப் போனேன். பூ கட்டிக்கொண்டிருந்தார். தோளில் கட்டுப்போட்ட கோவிந்தனும் திருவிழா விஷயமாகப் பேச வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பொய், என் கை, லோரிக்காரர் சொன்ன வரி, என் மஞ்சள் கோடு, மேலதிகாரி சொன்னது, எல்லாம்.

பார்வதியின் விரல்கள் நின்றன. அவர் அழுவார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப கவனம் கொறையல," என்றார் மெதுவாக. "கவனம் இருந்திருக்கு. சாமி மேல இருந்திருக்கு."

"ஆமாம்மா."

"இத ஏன் சார் மொதல்லயே சொல்லல? மூணு நாளா நொண்டிக்கிட்டு அலையிறீங்க."

கோவிந்தன்தான் குதித்தார். "என்னா சார் பேசுறீங்க! சாமி காப்பாத்துமா, கொல்லுமா? நான் கைய எடுக்கவே இல்லலா!"

"அண்ணே, நீங்க எடுப்பீங்க," என்றார் பார்வதி. "நாந்தான் தெனமும் ஒங்க பின்னாடி வர்றேன்ல. நெஞ்சுல ஒன்னு, நெத்தியில ஒன்னு, அப்புறம் முத்தம் வேற."

கோவிந்தன் தன் நல்ல கையைச் சந்தேகத்தோடு பார்த்தார். "சரி, எடுத்தேன்னே வெச்சிக்க. அதுக்காக சாமிய எடம் மாத்தச் சொல்றியா? ரோட்டு ஆபீஸ் சொல்லி முனியாண்டி எந்திரிச்சிப் போவாரா?"

"சாமி ஏன் போவணும்? நாமதான் ஒழுங்கா கும்புடணும்." பார்வதி பூவைக் கீழே வைத்தார். "ஏண்ணே, ரோட்டுல துரை வந்தா என்னா செய்யிறீங்க?"

"மோட்டர நிப்பாட்டி எறங்கி நிப்பேன்."

"ஏன்?"

"மரியாதலா. எங்கப்பா காலத்துலேருந்து அப்புடித்தான்."

"துரைக்கு எறங்கி நிப்பீங்க. முனியாண்டிக்கு மட்டும் ஓடிக்கிட்டே ஒத்தக்கையில சலாமா? அவரு என்னா, ஒங்களுக்குக் கூட்டாளியா?"

முப்பது வருடச் சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வாதம் அது. பதாகை இல்லை, பயமுறுத்தும் படம் இல்லை, அபராதம் இல்லை.

"அப்ப நிக்க எடம் வேணுமே," என்றார் கோவிந்தன் கடைசியில். "வளைவுல நிப்பாட்டுனா லோரி வந்து தூக்கிடும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலையை யாரோ கேட்டார்கள். வளைவுக்கு நூறு அடி முன்னால், சாலை நேராக இருக்கிற இடத்தில், இடது ஓரமாகப் பத்து மோட்டார் நிற்க இடம் இருந்தது. அங்கிருந்தே சாமி தெரிவார்.

"எழுதும்போது சாமியப் பத்தி எழுத வேணாம் சார்," என்றார் பார்வதி. "இடிச்சிருவாங்க. கையப் பத்தி எழுதுங்க. அவரு கை எங்க இருந்திச்சின்னு மட்டும் எழுதுங்க. எனக்கு அது போதும்."

அன்று மாலை திருத்த அறிக்கை எழுதினேன். வேகம் முப்பதுக்குள். மது இல்லை. ஹெல்மெட் பட்டி பூட்டப்பட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் இப்படி: 'ஓட்டுநரின் வலது கை முன்பிரேக்கில் இல்லை. அவ்விடத்தில் நெடுங்காலமாக வசிக்கும் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவருக்கு வணக்கம் தெரிவித்துக்கொண்டிருந்தது. இவ்வழியே இறங்கும் பலருக்கும் இப்பழக்கம் உண்டு. வளைவில் இதைச் செய்ய நேர்வது சாலை அமைப்பின் குறை. பரிந்துரை: வளைவுக்கு முன் வண்டி நிறுத்துமிடம். மஞ்சள் மேட்டுக் கோடுகளை அகற்றுதல். அவற்றை இட்டவர் தவறு செய்தார்.'

மேலதிகாரி இரண்டு முறை படித்தார். "இந்த மூத்தவருக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லையே?"

"இல்லை. அவர் அதிகம் பேசமாட்டார்."

கையெழுத்துப் போட்டார்.

கோடு அந்த வாரமே போயிற்று. நிறுத்துமிடத்துக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை காலை வேளைகளில் கோவிந்தன் கட்டுப்போட்ட தோளோடு முக்கில் நின்று, "டேய், கைய எறக்குடா! சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் வாரம் கை தூக்குவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலை குனிய ஆரம்பித்தார்கள். அது இன்னும் மோசம். அதற்கும் கத்தினார். நான் உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஒன்றைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறு வாரமும் போய், மக்கள் அதற்குப் பதிலாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் தயவுசெய்து ஓரமாக நில்லுங்கள், சாமிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

நிறுத்துமிடம் திறந்த அன்று மீகூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்வதி வேறொன்று கேட்டார். காலையில் தோட்டத்தில் பிரட்டு நடக்கும், அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம். அங்கே வந்து அந்தத் தாளை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிக்க வேண்டும். மகள் படிப்பாளே என்றேன். "ஆபீஸ் கையால எழுதுனத ஆபீஸ் வாயாலயே சொல்லணும் சார்," என்றார்.

படித்தேன். தேயிலைக் கூடைகள், மழைக்கோட்டுகள், பாதி பேர் தமிழர், பாதி பேர் வங்காள தேசத்துக்காரர்கள். பெயரைப் படித்தேன், வேகத்தைப் படித்தேன். 'மது இல்லை' என்ற இடத்தில் பார்வதி கையை உயர்த்தி, "அத இன்னொருக்கா," என்றார். இன்னொரு முறை படித்தேன். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கை எங்கே இருந்தது என்ற வரியையும் படித்து முடித்தேன். கோவிந்தன் மட்டும், "நல்ல மனுசன்லா," என்றார். பிறகு பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் இறங்கிப் போய்ப் புதிய நிறுத்துமிடத்தில் நின்றேன், இந்த முறை ஓரமாக. மோட்டார்கள் வந்தன. நின்றன. இறங்கினார்கள், இரண்டு கையாலும் கும்பிட்டார்கள், ஏறிப் போனார்கள். ஒருவர்கூட என்னைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அந்த முக்குக்காக ஒரு படிவமும் நிரப்பவில்லை.

கடைசியாகப் பார்வதி வந்தார். இரண்டு கூடை நிறையச் செவ்வந்தி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தது தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டு கையும் பிடியிலேயே இருந்தன, கண் சாலையிலேயே இருந்தது.

"பூவுக்கு நேரமாச்சி சார்!" என்று போகிற போக்கில் கத்தினார். "சாயங்காலம் வந்து பாக்குறேன்னு சாமிகிட்ட சொல்லிருங்க!"

பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்தது. வளைவில் அழகாகச் சாய்ந்து திரும்பி மறைந்தார்.

யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நான் முக்கு வரை நடந்து போய்ச் சொன்னேன்.